வீட்டுக்கு ஒரு பிடி

செத்து இருபத்தொரு நாள் ஆகியிருந்த கருவாயன் ஏரித் தண்ணீருக்குள் நடந்து வருவதை முதலில் பார்த்தது வெள்ளைத்தாய் இல்லை, திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண்மணி. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி, பனி விலகி வெயில் விழுந்திருந்தது, காற்று துளியும் இல்லை, ஏரி கழுவித் துடைத்த தட்டு மாதிரிக் கிடந்தது. பச்சைக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்த வெள்ளைத்தாய், அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க எல்லாருடைய காலுறையிலும் மூக்குப்பொடி தடவ வைத்து, சத்தம் போடாதீர்கள், காட்டுமாடு நின்றால் ஓடாதீர்கள் என்று சொல்லி, ஏழு பேரைத் தண்ணீர் ஓரமாக வரிசையாக நடத்திக்கொண்டு போனாள். "உங்க நாய் ரொம்பச் சமத்தா கூடவே வருதே, பேரு என்ன?" என்று பின்னாலிருந்து அந்தப் பெண்மணி கேட்டாள். வெள்ளைத்தாய் திரும்பினாள். கரையில் நாய் இல்லை. தண்ணீரில் தலைகீழாக ஒரு பச்சைக் கோட்டுக்காரி நடந்துகொண்டிருந்தாள், அவளுக்கு இடது பக்கம், ஆறு வருஷமாக வருகிற அதே இரண்டடி தூரத்தில், கருவாயனும் தலைகீழாக நடந்து வந்தது. "கருவாயன்," என்றாள். இன்னும் நாலரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததால் அவள் முன்னால் நடந்தாள்.

ஊமைச்சோலை நாற்பத்தோரு வீடுள்ள மலையூர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும், மிச்ச நேரத்துக்கு மழை பெய்யும். ஊரை ஒட்டி ஏரி, ஏரியைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்கு ஒற்றையடிப் பாதை, பாதைக்கு மேலே சோலைக்காடு. விறகுக்கும் தைலப்புல்லுக்கும் ஊர்க்காரர்கள் நடந்து நடந்து போட்ட பாதைதான் அது. அதற்கு ஒருநாள் வேலி வந்தது, வாசல் வந்தது, வனப்பூங்கா என்று பெயர் வந்தது, வாசலில் ஒரு பலகையும் வந்தது. பிளாஸ்டிக், மது, தீப்பெட்டி, ஒலிபெருக்கி, நாய் ஆகிய ஐந்துக்கும் உள்ளே அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது. முதல் நான்கும் வெளியூர்க்காரர்கள் கொண்டுவருவது. ஐந்தாவது மட்டும் ஊருக்குள்ளேயே, இருபத்துமூன்று எண்ணம் இருந்தது.

பூங்கா அதிகாரி இன்பசேகர் நல்ல மனுஷன், யாரையும் வாடா போடா என்று பேசாதவர், டீ குடித்தால் தம்ளரைத் தானே கழுவி வைக்கிறவர். அவர் ஊர்க்குழுவைக் கூப்பிட்டு, நாய்கள் மானைத் துரத்தும், காட்டுக்குள் நோயைக் கொண்டுபோகும், திறப்பு விழாவுக்கு மேலதிகாரி வரும்போது ஒரு நாய் கண்ணில் பட்டாலும் பூங்கா கிடையாது, பூங்கா இல்லையென்றால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலையும் கிடையாது என்றார். "அப்ப நாய்களை என்ன சார் செய்யறது?" என்று குழுத் தலைவர் சடையாண்டி கேட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க. எப்படிச் செஞ்சீங்கன்னும் எங்கிட்ட சொல்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவினார்.

வெள்ளைத்தாய்க்குப் புருஷன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு மேற்கே காட்டுமாடு முட்டி ஆண்டிச்சாமி செத்தான். அப்போது குட்டியாக இருந்த கருவாயன்தான், பிணத்தை விட்டு நகராமல் தொண்டை கட்டும்வரை குரைத்து ஆட்களை வரவழைத்தது. அன்றிலிருந்து வெள்ளைத்தாய் விறகுக்குப் போனாலும் புல்லுக்குப் போனாலும் அதுவும் கூட நடந்தது. காட்டுமாடு இருக்கும் திக்கில் மூக்கைத் தூக்கி நின்றுவிடும், அது நின்றால் இவளும் நின்றுவிடுவாள், அப்படித்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தாள். ஆண்டிச்சாமியின் பெயர் கொத்திய வெண்கலக் கும்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதில்தான் அவள் கஞ்சி குடிப்பாள், கடைசிக் கவளத்தை மிச்சம் வைத்து அதே கும்பாவோடு வாசலில் நகர்த்துவாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம், "மனுசர் குடிக்கிற கும்பாவுல நாய்க்கு வைக்கிறியே, உனக்குக் கொஞ்சமாச்சும் இருக்கா?" என்று ஏசுவாள். அந்தப் பஞ்சவர்ணமே ஒருநாள் கருவாட்டுத் தலையைத் தூக்கிப் போட்டும் கருவாயன் தொடவில்லை. அடுத்தவர் வைத்த சோற்றைத் தின்னாது, தன் வயிற்றுக்குச் சோறு போடாதவரைப் பார்த்து வாலையும் ஆட்டாது. ஊரில் அதற்குத் திமிர் பிடித்த நாய் என்று பெயர்.

பூங்காவில் வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுத்தபோது, பாதையை இவளைவிடத் தெரிந்தவர் இல்லை என்று வெள்ளைத்தாயை எடுத்தார்கள். பச்சைக் கோட்டைக் கையில் கொடுத்து, மூன்று நாள் பயிற்சிக்கு மலைக்குக் கீழே வரச் சொன்னார்கள். கிளம்புகிற காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணமும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். "பூங்கா தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு பொங்கல் வைக்கணும்னு தலைவர் சொல்றாரு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போடு," என்றாள் பஞ்சவர்ணம். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்த கும்பாவை எடுத்து வெள்ளைத்தாய் ஒரு பிடி போட்டாள், கோட்டைப் பார்த்துக்கொண்டாள், "எனக்கு வேலை கெடச்சிருக்குல்ல," என்று இன்னொரு பிடியும் போட்டாள், கொட்டிக்கொள்ள அவர்களிடம் பாத்திரம் தேடாமல் கும்பாவோடு கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். கருவாயனை வீட்டுத் தூணில் கட்டியிருந்தாள். மூன்று நாள் பட்டினி கிடப்பான், வந்து வயிறாரப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது ஊரில் ஒரு நாயும் இல்லை. இருபத்துமூன்றும் ஒரே காலையில் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போய்விட்டன என்றும், ஏதோ நோய் என்றும், பூண்டுக் கிட்டங்கிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தாயிற்று என்றும் சொன்னார்கள். "கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு வெள்ளத்தாயி, எங்க எதைத் தின்னுச்சோ," என்றாள் பஞ்சவர்ணம். கும்பாவைக் கேட்டதற்குப் பொங்கல் வைத்த இடத்தில் பாத்திரத்தோடு பாத்திரமாக எங்கோ போய்விட்டது, தேடித் தருகிறேன் என்றாள். வெள்ளைத்தாய் தூணடியில் உட்கார்ந்து கயிற்றை எடுத்துப் பார்த்தாள். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்திருந்தார்கள்.

அன்று மற்ற நாற்பது வீட்டு வாசலிலும் போய் நின்று, விஷச்சோறு வைத்தது யார் என்று கேட்டாள். "நான் ஒருத்தியா செஞ்சேன்?" என்றார்கள், "நான் ஒருத்தனா செஞ்சேன்?" என்றார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில் வருகிறதே என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. துக்கம் மனுஷியைச் செவிடாக்கிவிடுகிறது. ஊர் நடுவில் நின்று, "எவன் கை சோறு வச்சுச்சுன்னு தெரியுற வரைக்கும் நான் சோத்துல கை வைக்க மாட்டேன்," என்று சத்தியம் செய்தாள். நாலு நாள் தாங்கும் என்று ஊர் நினைத்தது. அவள் கேப்பைக்களியும் கிழங்குமாகவே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

சரி, தண்ணீருக்குள் நாய் நடக்கிறது, அதை என்ன செய்வது என்பதுதான் ஊருக்கு முன்னால் இருந்த கேள்வி. எப்படி நடக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இன்பசேகர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஏரியின் தண்ணீர் வேறொரு இலாகாவுக்குச் சொந்தம், கரை மட்டுமே பூங்காவுக்கு, ஆகவே நாய் பூங்காவுக்குள் இல்லை என்று முதல் பதில் வந்தது. அந்த இலாகாவிலிருந்து, நிழல் விழுவது தண்ணீரிலானாலும் அதற்குரிய பொருள் கரையில்தான் இருக்க வேண்டும், ஆகவே நாய் பூங்காவுடையது என்று இரண்டாவது பதில் வந்தது. மூன்றாவது பதிலுக்கு முன்னால் சனி ஞாயிறுகளில் வேன் நிறுத்த இடமில்லாமல் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டதால், வாசல் பலகையில் நாய் என்று இருந்ததைத் தண்ணீருக்கு வெளியே உள்ள நாய் என்று திருத்தி எழுதிவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள்.

டீக்கடை லூர்துசாமி தன் பெஞ்சுகளை நாய் நன்றாகத் தெரிகிற திருப்பத்துக்கு நகர்த்தினான். குழு சார்பில் அம்புக்குறி போட்டு நீர்நாய் என்று எழுதிவைக்க, நிஜ நீர்நாயைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள், குழுவே அதை அழித்து வேறு பெயர் எழுதியது. சனங்கள் பிஸ்கட்டைத் தண்ணீரில் வீசினார்கள், கருவாயன் தலையைக்கூடத் திருப்பவில்லை, மீன்கள் தின்று பூசணிக்காய் மாதிரிப் பருத்தன. காற்றடித்து அலை எழும்பிய நாட்களில் நாய் துண்டு துண்டாகத் தெரிகிறது என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பதி, லாரியில் அடிபட்ட தங்கள் நாயின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் ஏரியைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், எதுவும் வரவில்லை, அழுதுகொண்டே டீ குடித்தார்கள். மற்ற இருபத்திரண்டு நாய்கள் ஏன் வரவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவற்றை யாரும் தேடவில்லை, அதனால் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று வெள்ளைத்தாய் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவிழ்ந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, ஏழு கிலோமீட்டரும் தனியாக நடப்பாள். பாதை தண்ணீரை விட்டு விலகிச் சோலைக்குள் போகிற இடங்களில் நடையை எட்டிப் போடுவாள், மரங்களுக்கு நடுவில் மறுபடி தண்ணீர் தெரிகிற இடத்துக்கு ஓட்டமாக வந்து குனிவாள், கருவாயன் அங்கே அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கும். அவள் பேசுவாள், அது காதை நிமிர்த்தும், ஆனால் குரைக்காது, அந்த ஏரிக்குள் சத்தம் என்பதே இல்லை. ஒருமுறை தொட ஆசைப்பட்டுத் தண்ணீரில் கையை விட்டாள், நாய் கலங்கிச் சிதறி மறுபடி ஒன்றுசேர வெகு நேரம் ஆனது, அதற்குப் பிறகு அவள் கையை விடவே இல்லை. எப்போது பார்த்தாலும் அவளைப் பார்த்து வாலாட்டியது. பாசம் என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள், பாவம்.

அப்படி நடக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. ஊர்க்காரர்கள் ஒருவரும் தண்ணீர் ஓரமாக நடப்பதில்லை. பூங்காவில் வேலை பார்க்கிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு மேல்பாதையில், அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று சோலைக்குள்ளேயே போகிறார்கள். பயப்படுகிறார்கள் என்று புரிந்தது. கருவாயனுக்குத் தெரியும், சோறு வைத்தவனைப் பார்த்தால் உறுமும், பல்லைக் காட்டும், யாரைப் பார்த்து உறுமுகிறது என்று பார்த்தால் போதும். இதை அவள் டீக்கடையில் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே சடையாண்டி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரு வருசமா கெழங்கத் தின்னுக்கிட்டு எதுக்குத்தா ஒடம்பக் கெடுத்துக்கிற?" என்றார். "பூண்டு ஏத்த வர்ற லாரி டிரைவரு, அந்தப் போடிக்காரன், அவன் வச்சதா பேச்சு. அவனும் இப்ப வர்றதில்ல. அவன்தான்னு நெனச்சுக்க, சோத்தத் தின்னு."

"அவன்தான்னா நீங்க ஏன்ணே மேப்பாதையில போறீங்க?"

"எனக்கு மூட்டு வலி."

"மேப்பாதைதான ஏத்தம்?"

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "அது வாயில்லாச் சீவன். அதப்போயிச் சாட்சிக்குக் கூப்புடாத தாயி. ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மிரட்டுகிறார் என்று வெள்ளைத்தாய் நினைத்தாள். அவர் நிஜமாகவே அவள் நல்லதுக்குத்தான் சொன்னார்.

பூங்கா திறந்து ஒரு வருஷம் ஆவதைக் கொண்டாட மேலதிகாரி வருவதாக ஏற்பாடானது. அதற்கு முதல் நாள், ஏரிக்கரையில் சேர்ந்த குப்பையைப் பொறுக்க வீட்டுக்கு ஓராள் வரவேண்டும் என்று குழுவில் முடிவானது. வீட்டுக்கு ஓராள் என்று சொல்லிவிட்டால் ஊமைச்சோலையில் மறுபேச்சு கிடையாது, சாவு விழுந்த வீட்டிலிருந்துகூட ஆள் வந்தாக வேண்டும். தண்ணீர் ஓரம் நிற்க வேண்டுமே என்று எல்லாரும் ஏரியை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு நாளாகப் பேய்க்காற்று, ஏரி முழுக்க நெளிந்துகொண்டிருந்தது, அந்தத் தைரியத்தில்தான் சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பத்து மணிக்குக் காற்று நின்றது. யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது, நெளிவு ஒவ்வொன்றாக அடங்கியது, நாற்பது பேரும் கையில் சாக்கோடு தண்ணீரில் தலைகீழாக வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இன்பசேகரும் தொப்பியோடு நின்றார்.

வெள்ளைத்தாய் கயிற்றோடு கரைக்கு வந்தாள். தண்ணீரில் அவள் பக்கத்திலிருந்து கருவாயன் கிளம்பியது. ஒரு வருஷத்தில் அது அவளை விட்டு நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

முதலில் சடையாண்டியிடம் போனது. அவர் காலை முகர்ந்தது, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது, வாலாட்டியது. உறுமப்போகிறது என்று காத்திருந்த வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை, அப்படியானால் இவர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். அது அடுத்த ஆளிடம் போனது, முகர்ந்தது, வாலாட்டியது. லூர்துசாமியிடம் போனது, வாலாட்டியது. உயிரோடு இருந்தவரை ஊரில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காத நாய், தன் வயிற்றுக்குச் சோறு போடாதவரிடம் வாலை அசைக்காத நாய், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் நின்று வாலாட்டிக்கொண்டே போனது. இன்பசேகரிடம் வந்தபோது நிற்கவே இல்லை, அங்கே ஒரு ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் கடந்து போனது. அவர் கையால் அது எதையும் தின்றதில்லை. இன்பசேகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பதினைந்தாவது ஆளிடம் வாலாட்டியபோதே, அது தின்ற சோற்றுக்கு ஆட்டுகிற வால் என்று வெள்ளைத்தாய்க்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. நாற்பதாவது ஆளாகக் கடைசியில் நின்றவள் பஞ்சவர்ணம். அவள் தண்ணீரைப் பார்க்காமல் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டாள், கருவாயன் அவள் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அக்கா," என்றாள் வெள்ளைத்தாய். "அவன் அடுத்தவங்க வச்சா திங்க மாட்டானே."

"திங்கல," என்றாள் பஞ்சவர்ணம், சாக்குக்குள்ளிருந்தே. "மத்ததெல்லாம் நிமிசத்துல தின்னு முடிச்சிருச்சு. இதையும் நான்தான் முடிச்ச அவுத்துக் கூட்டியாந்தேன், மோந்து பாத்துட்டு ஒக்காந்துக்கிருச்சு. மூணு நாப் பட்டினி, அப்பயும் தொடல. ஒவ்வொருத்தரா எலையில வச்சு வச்சுப் பாத்தோம். இது ஒண்ணு மிஞ்சினாலும் பூங்கா இல்லைன்னாக."

"பெறகு?"

"பெறகு ஒன் கும்பாவுல அள்ளினேன். ஒன் வாசலுக்கே கூட்டியாந்து, நீ வைக்கிற எடத்துலயே வச்சேன். வாலாட்டிக்கிட்டே தின்னுச்சு வெள்ளத்தாயி. கும்பாவ நக்கித் தொடச்சுப் போட்டுருச்சு."

"பொங்கலுக்குன்னுதானே கேட்டீங்க," என்றாள் வெள்ளைத்தாய்.

பஞ்சவர்ணம் சாக்கை இறக்கினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது, ஒரு வருஷமாக அடக்கி வைத்த கோபம். "பொங்கலுக்கு எப்பத்தா பிடி அரிசி வாங்கியிருக்கோம்? உழக்குல அளந்துல்ல வாங்குவோம். எதுக்குப் பிடி வாங்குவோம்னு ஒனக்குத் தெரியாதா? ஆண்டிச்சாமி பொண்டாட்டியா இந்த ஊருக்கு வந்து இருவத்தஞ்சு வருசமாச்சு, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊமைச்சோலையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீடு தனியாகத் தாங்க முடியாத பாவம் வரும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து ஒரே பானையில் பொங்குவார்கள். ரோட்டுக்காகச் சாமி மரத்தை வெட்டியபோது அப்படிப் பொங்கித் தின்றார்கள், காலரா வந்த காலத்தில் வழிப்போக்கன் ஒருவனை ஊருக்குள் விடாமல் சாகவிட்டபோது அப்படிப் பொங்கித் தின்றார்கள் என்று அவளுக்கே அவள் மாமியார் சொல்லியிருக்கிறாள். பானையில் அரிசி கலந்துவிட்டால் எது யார் அரிசி என்று சாமிக்கும் தெரியாது என்பது கணக்கு. இந்தத் தடவை அந்தப் பானையில் விஷத்தையும் கலந்து நாய்களுக்கு வைத்திருந்தார்கள். அதனால்தான் கேட்ட இடத்திலெல்லாம் நான் ஒருத்தியா, நான் ஒருத்தனா என்றார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, கையில் புதுக் கோட்டு இருந்தது, பிடி அரிசி என்று பஞ்சவர்ணம் சொன்னபோது வெள்ளைத்தாயின் மனசில் ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது, மூக்கைத் தூக்கி நின்றது. அவள்தான் நிற்காமல் நடந்துவிட்டாள். எதுக்குக்கா பிடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால் கேட்கவில்லை, இன்னொரு பிடியும் சேர்த்துப் போட்டாள்.

தண்ணீரில் கருவாயன் திரும்பி வந்தது. நாற்பது வீடு முடிந்து நாற்பத்தோராவது வீட்டுக்கு வந்தது. அவள் காலை முகர்ந்தது, நிமிர்ந்து பார்த்தது, வாலாட்டியது. சடையாண்டியிடம் எவ்வளவு ஆட்டியதோ அவ்வளவு, லூர்துசாமியிடம் எவ்வளவு ஆட்டியதோ அவ்வளவு. ஒரு பிடி அதிகம் போட்டவள் என்று கூடுதலாகவும் ஆட்டவில்லை, ஆறு வருஷம் கூட நடந்தவளே போட்டாளே என்று குறைக்கவும் இல்லை. அதில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை, தின்ற சோற்றுக்கு நன்றி மட்டும் இருந்தது. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"நாளைக்கு மேலதிகாரி வர்றாங்க," என்றார் இன்பசேகர் மெதுவாக. "அந்தப் பக்கம் இன்னும் பாட்டில் கெடக்கு பாருங்க." எல்லாரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளைத்தாயும் குனிந்து பொறுக்கினாள். அவளும் வீட்டுக்கு ஓராள்தானே.

சாயங்காலம் பஞ்சவர்ணம் கும்பாவைக் கொண்டுவந்து தூணடியில் வைத்துவிட்டு, உட்காராமல் போனாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. வெள்ளைத்தாய் அதைக் கையில் எடுத்து, கொத்தியிருந்த ஆண்டிச்சாமியின் பெயரை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். யார் கை என்று தெரிகிறவரைக்கும்தானே சத்தியம். தெரிந்துவிட்டது. பானையில் அரிசியைக் களைந்து போட்டாள், வடித்தாள், பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றது, சோற்று வாசம் போன வீடுகளிலெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். கும்பா நிறையப் போட்டு, மோர் ஊற்றி, கல்லை விழுங்குகிற மாதிரி ஒவ்வொரு கவளமாக உள்ளே தள்ளினாள், அழுகை வரவில்லை, விக்கல்தான் வந்தது. கை பழக்கத்தில் கடைசிக் கவளத்தை நிறுத்திக்கொண்டு கும்பாவை வாசலுக்கு நகர்த்தியது. அவள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு நாய் இல்லை. பிறகு அந்தக் கவளத்தையும் தானே எடுத்துத் தின்றுவிட்டுக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் கயிற்றைத் தூணிலேயே விட்டுவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மேலதிகாரி காலையில் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு விருதுநகரிலிருந்து வந்த பத்துப் பேரை அவள் கூட்டிக்கொண்டு நடந்தாள், மூக்குப்பொடி தடவ வைத்தாள், காட்டுமாடு நின்றால் ஓடாதீர்கள் என்றாள். ஏரி அசையாமல் கிடந்தது. தண்ணீரில் அவளுக்கு இடது பக்கம் இரண்டடி தூரத்தில் கருவாயன் வந்தது, அவள் பார்க்கும்போதெல்லாம் வாலாட்டியது, அவள் பார்க்காதபோதும் ஆட்டியிருக்கும். மேல்பாதை வெறிச்சென்று கிடந்தது. பயப்பட இனி ஒன்றும் இல்லை என்பதால் ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்றைக்குத் தண்ணீர் ஓரமாகவே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"அய்யோ, எவ்வளவு அழகு. இது எப்படிங்க செத்துச்சு?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

ஒரு வருஷமாக எல்லாரும் கேட்கிற கேள்விதான். யாரோ விஷம் வச்சிட்டாங்க என்பதுதான் ஒரு வருஷமாக அவள் சொல்லி வந்த பதில்.

"பசியா இருந்தான். நாங்க சோறு வச்சோம்," என்றாள் வெள்ளைத்தாய். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, மறுபடி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வெள்ளைத்தாய், அடுத்த திருப்பத்தில் பாறை வழுக்கும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.